காலியாகக் கிடந்த 43ஆம் கட்டம்

ஆரணியிலிருந்து என் பெரியம்மாவை எலும்பு ஸ்கேன் எடுப்பதற்காக வேலூருக்கு அழைத்து வந்திருந்தேன். அணுக்கரு மருத்துவப் பிரிவின் வாசலில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் கலந்து ஒலித்துக்கொண்டிருந்தன. இந்த ஊரின் மருத்துவமனைகளை ஒட்டிய தெருக்களில் நடந்தவர்களுக்கு அது புதிதல்ல. ஊசி போட்ட செவிலியர், "தண்ணி நல்லா குடிங்கம்மா, மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படம் எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஊசியில் என்ன மருந்து என்று பெரியம்மா என்னைக் கேட்டார். டெக்னீசியம் என்றேன். அப்படியென்றால் என்ன என்று விடாமல் கேட்டதால், 'செயற்கையானது' என்று அந்தப் பெயருக்குக் கிரேக்க மொழியில் பொருள் என்று சொல்லிவைத்தேன். "செயற்கையா? அப்ப உடம்புக்கு ஆகாதேடா" என்றார் பெரியம்மா.

அவருடைய கவலைக்கு அப்போது ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. ஒரு தனிமத்துக்குப் போய் யார் 'செயற்கை' என்று பெயர் வைப்பார்கள்? இரும்பையும் தங்கத்தையும் போல இதுவும் ஒரு தனிமம்தானே? இந்தப் பெயர் எப்படி வந்தது, அது எந்த அளவுக்குச் சரி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1869இல் திமித்ரி மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்தியபோது, அட்டவணையில் மாங்கனீசுக்கு நேர் கீழே, இன்று டெக்னீசியம் இருக்கும் 43ஆம் கட்டம் காலியாக நின்றது. அங்கே வரவேண்டிய தனிமம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அவர் கருதினார். இப்படிக் காலியாக இருந்த இடங்களுக்கு மெண்டலீவ் வைத்த தற்காலிகப் பெயர்களில் 'ஏக' என்ற சமஸ்கிருதச் சொல் முன்னொட்டாக வந்தது. அதனால் இந்தக் கட்டத்துக்குரியது ஏக மாங்கனீசு ஆயிற்று. வேலூர்க்காரர்களுக்கு இந்த நிலைமை எளிதில் விளங்கும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் சிற்ப வேலைப்பாடுகளோடு முழுமையாக நின்றது. ஆனால் கருவறையில் மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் வைத்து வழிபடப்பட்ட லிங்கம் 1981 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. 'சாமியில்லாக் கோயில்' என்று நம் ஊரைப் பற்றிய பழமொழியில் சேரும் அளவுக்கு அந்த வெறுமை நீடித்தது. அட்டவணையின் 43ஆம் கட்டமும் அதேபோல, யாருக்குரியது என்று தெரிந்தும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

அதை நிரப்பிவிட்டோம் என்று அறிவித்தவர்களுக்குக் குறைவில்லை. அந்த அறிவிப்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எழுந்த பெயர்ச் சிக்கலுக்கு அவை முன்னுரை. 1908இல் ஜப்பானிய வேதியியலர் மசதாகா ஒகாவா, இலங்கையில் கிடைத்த தோரியனைட் என்ற கனிமத்திலிருந்து புதிய தனிமம் ஒன்றைப் பிரித்ததாகச் சொல்லி, தம் நாட்டின் பெயரால் அதற்கு நிப்போனியம் என்று பெயரிட்டு 43ஆம் இடத்தில் வைத்தார். அவர் கையில் ஒரு புதிய தனிமம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது ஒரு கட்டம் கீழே, 75ஆம் இடத்தில் வரவேண்டிய ரேனியம் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. இடத்தைத் தவறாகக் கணித்ததால் கண்டுபிடிப்பும் போயிற்று, பெயரும் போயிற்று. ஒருமுறை தவறிப்போன தனிமத்துக்கு வைத்த பெயரை மறுபடி வேறொன்றுக்கு வைப்பதில்லை என்பதால், 2015இன் கடைசியில் 113ஆம் தனிமத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை ஜப்பானியருக்குக் கிடைத்தபோது அவர்கள் நிஹோனியம் என்ற வேறு வடிவத்தைத் தேர்ந்தார்கள்.

இரண்டாவது அறிவிப்பு 1925இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. வால்டர் நோடாக், இடா டாக்கே, ஓட்டோ பெர்க் ஆகிய மூவரும் 43, 75 ஆகிய இரண்டு தனிமங்களையும் ஒருசேரக் கண்டதாக அறிவித்தார்கள். 75க்கு ரைன் நதியின் பெயரால் ரேனியம் என்றும், 43க்குக் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியப் பகுதியின் பெயரால் மசூரியம் என்றும் பெயரிட்டார்கள். ரேனியம் நின்றது, சில ஆண்டுகளில் அதைக் கிராம் கணக்கில் பிரித்தெடுத்தும் காட்டினார்கள். மசூரியத்தை மட்டும் அவர்களாலும் மறுபடி காட்ட முடியவில்லை, வேறு யாராலும் முடியவில்லை. அப்படியிருந்தும் பாடநூல்களிலும் சுவர் அட்டவணைகளிலும் 43ஆம் கட்டத்தில் மசூரியத்தின் குறியீடு பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. முதல் உலகப் போரில் ரஷ்யரை ஜெர்மானியர் வென்ற நிலப்பகுதி மசூரியா என்பதால், அந்தப் பெயரில் அறிவியலைவிட அரசியலே தூக்கல் என்று மற்ற நாட்டவர் முகம் சுளித்தார்கள். அது நியாயமான சுளிப்பு என்றே எனக்கும் தோன்றுகிறது.

இத்தனை பேர் தேடியும் ஏன் கிடைக்கவில்லை? விடை அணுக்கருவுக்குள் இருக்கிறது. ஒரு தனிமத்தின் அடையாளம் அதன் புரோட்டான் எண்ணிக்கை, இதற்கு 43. நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறும்போது அதே தனிமத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகள் உண்டாகின்றன. புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டி வருவது நிறை எண். புரோட்டான் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்போது நியூட்ரான் எண்ணிக்கையும் ஒற்றைப்படையாக அமைந்தால் அந்த அணுக்கரு, மிகச் சில இலேசான தனிமங்களைத் தவிர, நிலைப்பதில்லை. ஆகவே 43ஆம் தனிமம் நிலைத்திருக்க வேண்டுமானால் அதன் நிறை எண் ஒற்றைப்படையாக, 95, 97, 99, 101 என்ற அளவில் இருக்க வேண்டும். இன்னொரு விதியை இயற்பியலர் ஜோசப் மட்டாவுக் 1934இல் வகுத்தார்: அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தனிமங்கள் ஒரே நிறை எண்ணில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது. இடப்பக்கத்து வீட்டுக்காரரான மாலிப்டினம் 95, 97 ஆகிய இடங்களில் ஏற்கெனவே நிலையாக அமர்ந்திருக்கிறது. வலப்பக்கத்து ருத்தேனியம் 99ஐயும் 101ஐயும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு போட்டு எல்லா இருக்கைகளையும் பிடித்துவிட்ட இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஏறிய ஒற்றைப் பயணியைப் போல, 43க்கு உட்கார இடமே இல்லை. நின்றபடிதான் போக வேண்டும், சீக்கிரம் இறங்கவும் வேண்டும். அதன் ஐசோடோப்புகளில் நெடுங்காலம் தாங்குபவற்றுக்கே அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 42 லட்சம் ஆண்டுகள். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள். பூமி உருவானபோது இங்கே டெக்னீசியம் இருந்திருந்தாலும் அது எப்போதோ சிதைந்து தீர்ந்திருக்கும். தேடியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தேடிய பாறைகளில் பொருள் இல்லை.

கடைசியில் அது கிடைத்த இடம் ஒரு பழைய இரும்புச் சாமான் போன்ற பொருளில். இத்தாலியரான எமிலியோ செக்ரே 1936இல் சிசிலித் தீவின் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். அந்தக் கோடையில் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போய், எர்னெஸ்ட் லாரன்ஸ் கட்டியிருந்த சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியைப் பார்த்தார். அந்த எந்திரத்தின் உள்பாகங்கள் ஓயாத துகள் தாக்குதலால் கதிரியக்கம் ஏறிப்போய், கழற்றி வைக்கப்படுவது வழக்கம் என்பதைக் கவனித்தவர், அவற்றில் சில துண்டுகளை ஊருக்குக் கொண்டுபோனார். வசதி குறைந்த ஆய்வகத்தில் இருப்பவனுக்கு அடுத்தவர் வீட்டுக் கழிவும் சொத்துதான். 1937 தொடக்கத்தில் லாரன்ஸ் அஞ்சலில் இன்னொரு தகட்டை அனுப்பினார். அது மாலிப்டினத் தகடு. துகள் கற்றையைத் திசைதிருப்பும் பாகத்தில் இருந்து, மாதக்கணக்காகக் கன ஹைட்ரஜனின் அணுக்கருக்களான டியூட்டெரான்களின் அடியை வாங்கியது. மாலிப்டினத்துக்கு 42 புரோட்டான்கள். டியூட்டெரான் வந்து மோதி ஒரு புரோட்டானை உள்ளே விட்டுவிட்டு நியூட்ரானை வெளியே தள்ளினால் 43 ஆகிவிடும் என்பது செக்ரேயின் கணக்கு.

அதே பல்கலைக்கழகத்தில் கனிமவியல் பேராசிரியராக இருந்த கார்லோ பெரியர் உடன் சேர்ந்தார். இங்கே அவர்கள் செய்த வேலையின் நுணுக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தகட்டில் இருந்த புதிய தனிமத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. அதன் கதிரியக்கம் ஒன்றே அடையாளம். அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு தனிமமாக வீழ்படிவாக்கிப் பிரித்து, கதிரியக்கம் எந்தப் பகுதியோடு போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அது சிர்க்கோனியத்தோடு போகவில்லை, நயோபியத்தோடும் மாலிப்டினத்தோடும் போகவில்லை. ரேனியத்தோடு போயிற்று, அதிலிருந்தும் முயன்றால் பிரிந்தது. பெயருக்கு மாங்கனீசின் கீழே இருந்தாலும் குணத்தில் அது ரேனியத்துக்கே நெருங்கிய உறவாக இருந்தது. 1937இல் முடிவுகளை வெளியிட்டபோது, மனிதர் கையால் உண்டாக்கி முதலில் அடையாளம் காணப்பட்ட தனிமம் என்ற இடம் 43க்குக் கிடைத்தது.

பெயர் மட்டும் வரவில்லை. பலெர்மோ நகரின் பழைய லத்தீன் பெயர் பனோர்முஸ். அதை ஒட்டிப் பனோர்மியம் என்று வைக்கலாம் என்று பல்கலைக்கழக அதிகாரிகள் விரும்பினார்கள். முசோலினியின் இத்தாலியில் அப்படிப்பட்ட விருப்பங்கள் எழுவதில் வியப்பில்லை. செக்ரேயும் பெரியரும் பிடிகொடுக்கவில்லை. 1938 கோடையில் செக்ரே மீண்டும் பெர்க்லியில் இருந்தபோது, யூதர்களைப் பொதுப்பணியிலிருந்து விலக்கும் இனச் சட்டங்களை முசோலினி அரசு கொண்டுவந்தது. யூதரான செக்ரேயின் பதவி போயிற்று. அவர் பெர்க்லியிலேயே தங்கிவிட்டார். தன் நகரத்தின் பெயரை உலக அட்டவணையில் பார்க்க விரும்பிய பல்கலைக்கழகம், அதைச் செய்திருக்கக்கூடிய மனிதரையே இழந்தது.

பெயரில்லாமல் இன்னும் பத்து ஆண்டுகள் போயின. காரணம் போர் மட்டுமல்ல. கையால் உண்டாக்கிய ஒன்று, அதுவும் சிதைந்து மறைந்துவிடுகிற ஒன்று, இயற்கையில் கிடைக்கும் தனிமத்துக்குச் சமமான தனிமம்தானா என்ற ஐயம் வேதியியலர் பலருக்கு இருந்தது. இந்த ஐயத்தை நேரடியாக எதிர்கொண்டவர் வேதியியலர் ஃபிரிட்ஸ் பானெத். 1947 தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், இயற்கையில் கிடைத்ததற்கும் ஆய்வகத்தில் ஆனதற்கும் தனிமம் என்ற தகுதியில் வேறுபாடு பார்க்கக் கூடாது என்றும், ஐயத்துக்கு இடமின்றி முதலில் நிறுவியவர்களுக்கே பெயர் சூட்டும் உரிமை என்றும், பொய்யாகிப்போன பெயர்களை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும் என்றும் வாதிட்டார். மசூரியத்தின் இடம் அத்தோடு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டே பெரியரும் செக்ரேயும், கிரேக்கத்தில் 'செய்யப்பட்டது' என்று பொருள்படும் டெக்னெட்டோஸ் என்ற சொல்லிலிருந்து டெக்னீசியம் என்ற பெயரை முன்வைத்தார்கள்.

நாடு, நகரம், போர்வெற்றி என்று ஆளுக்கு ஒரு பெயர் சொன்ன வரிசையில், தான் எப்படிப் பிறந்தேன் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத பெயர் இது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் இதன் பொருளை உணர்வது இன்னும் எளிது: தானே இயல்வது இயற்கை, ஒருவர் செய்வது செயற்கை. ஆனால் பேச்சுவழக்கில் செயற்கை என்றாலே போலி, கெடுதல் என்ற சாயல் ஏறிவிட்டது. செயற்கை உரம், செயற்கை நிறம் என்று சேர்ந்து சேர்ந்து அது கெட்டுப்போயிற்று. பெரியம்மாவின் பயம் கிரேக்கச் சொல்லால் வந்ததல்ல, இந்தச் சாயலால் வந்தது.

இனி அந்த ஊசிக்கு வருவோம். பெர்க்லியில் 1938இல் செக்ரேயும் இளைஞரான கிளென் சீபோர்க்கும் சேர்ந்து டெக்னீசியத்தின் ஒரு தனி நிலையைக் கண்டார்கள். நிறை எண் 99. அணுக்கரு கிளர்ந்த நிலையில் சற்று நேரம் தங்கி, மிகையான ஆற்றலைக் காமா கதிராக விட்டு அடங்குகிறது. இந்த இடைத்தங்கலைக் குறிக்க 99எம் என்று எழுதுவார்கள். அரை ஆயுள் 6 மணி நேரம். வெளிவரும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். உடலைத் துளைத்து வெளியே வரப் போதுமானது, வெளியே காமா கேமராவின் படிகத்தில் சிக்கும் அளவுக்கு மிதமானது. திசுக்களைப் புண்படுத்தும் பீட்டாத் துகள்கள் இதில் அனேகமாக இல்லை. காலையில் செலுத்தினால் மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரோடு வெளியேறுவதைச் சேர்த்தால் அதற்கும் குறைவு. தண்ணீர் குடிக்கச் சொல்வது அதற்காகத்தான். எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும் பாஸ்பேட் வகைச் சேர்மம் ஒன்றோடு டெக்னீசியத்தைப் பிணைத்துச் செலுத்துவதால், புதிதாக எலும்பு வளரும் இடங்களிலும் நோய் பரவிய இடங்களிலும் அது கூடுதலாகத் தேங்கிப் படத்தில் பளிச்சென்று தெரியும். எதோடும் பிணைக்காமல் பெர்டெக்னிட்டேட் என்ற அயனியாகவே செலுத்தினால், அயோடைடு என்று ஏமாந்து தைராய்டு சுரப்பி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகும் சரக்கை மும்பையிலிருந்து வேலூருக்கு எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவருவதில்லை, அதன் தாயைக் கொண்டுவருகிறார்கள். மாலிப்டினம்-99க்கு அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் இதற்கான ஜெனரேட்டரை உருவாக்கினார்கள். அலுமினாத் தூள் நிரப்பிய சிறு குழலில் மாலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீரை ஊற்றினால் அவ்வப்போது பிறந்திருக்கும் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வரும். இந்தத் துறையினர் ஜெனரேட்டரை மாடு என்றும், உப்புநீர் ஊற்றி எடுப்பதைக் கறப்பது என்றும்தான் உலகெங்கும் சொல்கிறார்கள். கறந்த ஆறு மணி நேரத்தில் சுமார் பாதி மறுபடி ஊறிவிடும்; ஒரு நாளில் மடி நிறைந்துவிடும். ஒரு வாரத்தில் தாயின் வலு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்து, மாடு வற்றிவிடும், புதிது வரவேண்டும். இந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கும் யோசனை எழுந்தபோது, இதற்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் கைவிட்டுவிட்டார்கள். இன்று உலகில் நடக்கும் அணுக்கரு மருத்துவப் பரிசோதனைகளில் ஐந்தில் நான்கு இந்தத் தனிமத்தைக் கொண்டே நடக்கின்றன.

இந்தியாவில் நெடுங்காலம் வேறொரு வழியும் புழக்கத்தில் இருந்தது. மும்பையின் டிராம்பே அணு உலையில் சாதாரண மாலிப்டினத்தை நியூட்ரான்களுக்கு நடுவே வைத்து மாலிப்டினம்-99 ஆக்கினார்கள். அதில் கதிரியக்க அணுக்களைவிடச் சும்மா இருக்கும் மாலிப்டினமே மிகுதி என்பதால் சிறிய குழலில் அடங்காது. ஆகவே மருத்துவமனை ஆய்வகத்திலேயே மெதில் எதில் கீட்டோன் என்ற கரைப்பானோடு குலுக்கி, டெக்னீசியத்தை அதில் ஏறவிட்டு, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை உப்புநீரில் கரைத்து எடுத்தார்கள். பலெர்மோவில் செக்ரேயும் பெரியரும் செய்த வேலைக்கு இது எட்டத்து உறவு என்று சொல்லலாம். 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை ஓராண்டுக்கு மேல் மூடப்பட்டு, 2010இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் சில மாதங்கள் நின்றபோது உலகெங்கும் மருத்துவமனைகள் பரிசோதனைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. எங்கோ ஒரு சில பழைய உலைகளை நம்பி எத்தனை நோயாளிகள் வரிசையில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

ஆக, பெரியம்மாவின் உடலில் ஓடியது பெயருக்கேற்ற செயற்கைப் பொருள்தான். ஆனால் அந்தப் பெயர் முழு உண்மை அல்ல என்பது, பெயர் வைத்த ஐந்து ஆண்டுகளிலேயே தெரியவந்தது. பூமியிலும் அது இம்மியளவு உண்டு. யுரேனியம் தானாகப் பிளவுபடும்போது உண்டாகிற துணுக்குகளில் ஒன்று டெக்னீசியம்-99; பெல்ஜியக் காங்கோவின் பிட்ச்பிளெண்ட் கனிமத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டியபோது, ஒரு கிலோவுக்குச் சுமார் 0.2 நானோகிராம் தேறியது. இதைவிட முக்கியமான செய்தி அதற்கு முன்பே, 1952இல், வானத்திலிருந்து வந்திருந்தது.

அதைச் சொல்ல நம் பக்கத்து மலை உதவும். ஜவ்வாது மலையில் ஆலங்காயம் வழியாக ஏறினால், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட காவலூர் வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதைப் போன்ற கருவிகளில் விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும்; ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி இடங்களில் கோடுகள், கைரேகை போல. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், ஆர் ஆந்திரோமிடே முதலான, எஸ் வகை எனப்படும் சிவந்த பெருவிண்மீன்களின் நிறமாலையில் 424 முதல் 430 நானோமீட்டர் வரையிலான பகுதியில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். அந்த விண்மீன்களின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். டெக்னீசியத்தின் அரை ஆயுளோ அதிகம் போனால் 42 லட்சம் ஆண்டுகள். பிறக்கும்போதே அது அங்கே இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இன்னும் இருக்கிறது என்றால், அந்த விண்மீனின் வயிற்றில் அணுக்கருக்கள் ஒவ்வொரு நியூட்ரானாக விழுங்கிக் கனத்து, டெக்னீசியம் ஆகி, மேலே வந்துகொண்டே இருக்கிறது என்றுதான் பொருள். கனமான தனிமங்கள் விண்மீன்களுக்குள் உண்டாகின்றன என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி அதுவரை கிடைத்ததில்லை.

அந்தச் சாட்சியத்தை மெரிலால் படிக்க முடிந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. ஒரு கோடு டெக்னீசியத்துக்குரியது என்று சொல்ல வேண்டுமானால், அதே கோட்டை முதலில் ஆய்வகத்தில் பார்த்து இடம் குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை 1950 வாக்கில் அமெரிக்கத் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தில் வில்லியம் மெகர்ஸும் அவருடைய கூட்டாளியும் முடித்திருந்தார்கள். அவர்கள் மின்பொறியில் எரித்துக் கோடுகளை அளந்த டெக்னீசியம் எந்தப் பாறையிலிருந்தும் வந்ததல்ல. அணு உலையில் மனிதர் செய்தது.